பெண்கள் பக்கத்துக் கணினி

மட்டக்களப்புக்கு அடுத்த ஏறாவூரில் கல்யாண வீடு என்றால் அதற்கு இரண்டு பக்கம் உண்டு. பந்தலில் ஆண்கள், வீட்டுக்குள்ளே பெண்கள். பந்தலைப் படம் எடுக்க எந்த ஸ்டூடியோக்காரரும் வரலாம். வீட்டுக்குள்ளே கமராவோடு போகிறவள் ஸகியா ஒருத்திதான். அபாயாக்கள் கழன்று கொடியில் தொங்கிய பிறகு கூந்தலும் நகையும் பட்டும் கேலியுமாக இருக்கிற அந்தப் பக்கத்தை அந்நிய ஆண் ஒருவரும் பார்ப்பதில்லை. ஸகியா எடுத்து வருவதை வெட்டி, ஒட்டி, நிறம் திருத்தி, குரவைச் சத்தம் எங்கே எழும்ப வேண்டும் எங்கே அடங்க வேண்டும் என்று பார்த்து வீடியோவாக்குவது றஸீனாவின் வேலை. ஃபோட்டோக்களையும் அவளே தன்னுடைய சின்ன பிரிண்டரில் அடித்து அல்பம் கட்டிக் கொடுப்பாள். எல்லாம் உரியவர்கள் கைக்குப் போனதும் தன்னிடம் இருப்பதை அழித்துவிடுவாள்.

வேலை கொடுக்க வருகிற தாய்மாரிடம் அவள் சொல்லும் வசனம் ஒன்றே ஒன்று. "இந்த அறைய விட்டு வெளிய போகாது மாமி."

அந்த அறை அவளுடையது. வீடும் அவளுடையது. ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேருகிறவர். வந்து சேர்ந்த றிஸ்வி கல்யாணமாகி அடுத்த வருடமே கட்டாருக்குப் போய், இப்போது அங்கே லொறி ஓட்டுகிறான். லீவில் வரும்போதும் அந்த அறைக்குள் அவனுக்கு இடமில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நிற்பான்.

"வரலாமா, இல்லாட்டி விசா எடுத்திட்டு வரட்டா?"

"அங்கயே வைச்சிட்டுப் போங்க."

அவள் இந்த வேலைக்கு வந்தது திட்டம் போட்டு அல்ல. உயர்தரம் எழுதி முடித்து, கணினிப் படிப்பு ஒன்றைப் பாதியில் விட்டிருந்த காலம். அவளுடைய சாச்சி மகளின் கல்யாண வீடியோ வெட்டப்படாமல் ஒரு வருடமாக அலுமாரிக்குள் கிடந்தது. ஸகியா எடுத்துக் கொடுத்துவிட்டாள், வெட்டுவதற்குப் பெண் ஆள் இல்லை. "நான் பாக்கட்டா?" என்று றஸீனா கேட்டாள். முதல் வீடியோவில் மணப்பெண்ணின் தலை இரண்டு இடத்தில் பாதியோடு போயிருந்தது. சாச்சி அதையே நாலு தரம் போட்டுப் பார்த்து அழுதாள். அதற்குப் பிறகு றஸீனா யூடியூபில் சென்னைப் பொடியன்கள் வேகமாகப் பேசித் தள்ளுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் படித்தாள். றிஸ்வி கட்டாரிலிருந்து ஒரு லெப்டொப் கொண்டுவந்தான். தொழில் அப்படித்தான் பிடித்தது.

அந்த லெப்டொப் ஒரு நாள் காலையில் எழும்பவில்லை.

முதல் நாள் பின்னேரம் கறண்ட் வந்து வந்து போயிருந்தது. காலையில் அவள் பொத்தானை அமத்தினாள், லைட் வரவில்லை. சார்ஜரை மாற்றிப் பார்த்தாள். கவிழ்த்துவைத்து ஊதிப் பார்த்தாள். பிறகு ஸகியாவுக்கு போன் எடுத்தாள்.

"லெப்டொப் மௌத்தாப் பெய்த்து."

"என்னகா சொல்ற? அம்னாட கல்யாணம்?"

"அதுக்குள்ளதான்."

அம்னா, வேலை கொடுத்த நபீஸா மாமியின் மூத்த மகள். கல்யாணம் முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. கமராக் கார்டுகளை ஸகியா அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுவிட்டாள். றஸீனா கொப்பி எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் அழித்தாள். மருதோன்றி இரவிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து போனதுவரை எல்லாமே அந்தச் செத்த லெப்டொப்புக்குள் ஒரே ஒரு பிரதியாகக் கிடந்தன.

டவுனில் திருத்துகிற இடத்துக்கு றஸீனா அன்றே கொண்டுபோனாள். அங்கிருந்தவர் மரியாதையான மனிதர். தட்டிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். மதர்போட் எரிந்துவிட்டது, டிஸ்க் தப்பியிருக்கும், விட்டுவிட்டுப் போங்கள், பாஸ்வேர்டையும் எழுதித் தாருங்கள் என்றார். பேனையை அவள் பக்கமாகத் தள்ளினார். அவள் பேனையைப் பார்த்தாள். லெப்டொப்பைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் நபீஸா மாமிக்குச் சொன்னாள்.

"லெப்டொப் பழுதாப் பெய்த்து மாமி. படம் உள்ளதான் இரிக்கி. ஒருத்தருக்கும் குடுக்கல்ல."

"குடுத்திராத புள்ள," என்றாள் நபீஸா மாமி. "படம் கிடைக்காட்டியும் பரவால்ல. என்ட புள்ளய எவனும் பாத்தான் எண்டு மட்டும் இரிக்கப்படா."

அன்று அவள் ஒரு சின்னத் திருப்புளி வாங்கி லெப்டொப்பின் அடிப்பக்கத்தைத் திறந்தாள். டிஸ்க் என்பது பபிள்கம் துண்டு அளவில் ஒரு பச்சைத் தகடு. அம்னாவின் கல்யாணம் முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அதை நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

புதிதாக ஒரு கணினி வேண்டும் என்பது முன்பே முடிவானதுதான். ஸகியாவின் புதுக் கமரா எடுக்கும் வீடியோவுக்கு லெப்டொப் மூச்சிரைத்துக்கொண்டுதான் இருந்தது. சீட்டுக் காசும் கையில் இருந்தது. இப்போது புதிதாக ஒரு பிடிவாதம் சேர்ந்துகொண்டது. கட்டின கணினி வேண்டாம். பாகம் பாகமாக வாங்கித் தானே பொருத்திப் பூட்ட வேண்டும். தான் பூட்டியதைத் தான் கழற்றலாம். கடைக்குப் போக வேண்டி வந்தாலும் பழுதான துண்டு மட்டும் போகும், படம் போகாது.

மட்டக்களப்பு டவுனில், மாடியில் இருந்த கணினிக் கடையில் வினோஜன் என்ற பொடியன் நின்றான். றஸீனா ஸகியாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"என்ன வேலைக்கு அக்கா?"

"வீடியோ எடிட்டிங். ஃபோட்டோவும்."

"அண்ணன் ஸ்டூடியோ வைச்சிருக்காரா?"

"அண்ணன் கட்டார்ல லொறி ஓட்டுறார் தம்பி," என்றாள் ஸகியா. "அவருக்கு எடிட்டிங் தேவப்படாது. இவவுக்குத்தான்."

வினோஜன் சிரித்துச் சமாளித்துக்கொண்டு கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். "இந்த புரொசசர எடுங்க. இந்த விலைக்கு இதவிட வேகமா ஒண்டும் இல்ல. என்னெண்டா, இதுக்குள்ள டிஸ்பிளே இல்ல. தனிய ஒரு கார்ட் போடணும். பாவிச்ச கார்ட் நல்லதா ஒண்டு கிடக்கு, பாத்துத் தாறன்."

"கார்ட் பழுதானா?"

"ஆகாது அக்கா."

"ஆனா எண்டு கேக்கிறன்."

"ஆனா... ஸ்கிரீன்ல ஒண்டும் தெரியாது. அப்பிடியே தூக்கிட்டு இஞ்ச வாங்க, ஒரு நாள்ல சரியாக்கித் தாறம்."

"அப்ப வேணாம். டிஸ்பிளே உள்ளயே இரிக்கிறதக் காட்டுங்க."

"அது மெதுவாத்தான் ஓடும், அக்கா."

"மெதுவா ஓடட்டும். ஓடாம நிக்கப்படா."

ஸகியா கதிரையொன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "மாப்பிள பாத்தப்பவும் இவ இப்பிடித்தான் தம்பி. வந்தவனெல்லாம் திரும்பிப் போனான். கடசில றிஸ்வி மச்சான் வந்து மாட்டினார்."

எந்தத் துண்டை எடுத்தாலும் றஸீனா ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். இது பழுதானால் நான் கழற்றுவேனா? வேகம், பெயர், எத்தனை கோர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ரெம் ஒரே பெரிய துண்டாகவா, சின்னதாக இரண்டா என்று வினோஜன் கேட்டான். இரண்டு என்றாள். ஒன்று போனால் மற்றதோடு வேலை நடக்கும். பவர் சப்ளை மட்டும் இருப்பதிலேயே நல்லதாக வேண்டும், அதோடு யூ.பி.எஸ். உம் வேண்டும் என்றாள். "எங்கட பக்கம் கறண்ட் வாறதும் போறதும் விருந்தாளி மாதிரி." மதர்போட்டில் பபிள்கம் டிஸ்க் போட இரண்டு இடம் இருக்க வேண்டும் என்றாள்.

"ரெண்டாவது எதுக்கு? பழைய லெப்டொப் டிஸ்க்கா? அதக் கொண்டு வாங்க அக்கா, இருந்த இருப்புல கொப்பி பண்ணித் தந்திருவனே."

ஸகியா தொண்டையைச் செருமினாள்.

"வேணாம் தம்பி," என்றாள் றஸீனா. "எல்லாம் பொம்புளையள்ட படம்."

"ஆ," என்றான் வினோஜன். தலையைச் சொறிந்தான். பிறகு வேறொன்றும் கேட்காமல் உள்ளே போய், இரண்டு இடம் உள்ள போட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். "இதுல வைஃபையும் கிடக்கு. வயர் இழுக்கத் தேவல்ல." அது றஸீனாவுக்குப் பிடித்தது. ரவுட்டர் முன் மண்டபத்தில் இருந்தது.

திரை பார்க்கும்போதுதான் கடையில் மற்ற ஆட்களும் திரும்பிப் பார்த்தார்கள். றஸீனா பையைத் திறந்து மடித்துவைத்த பட்டுச் சேலை ஒன்றை வெளியே எடுத்தாள். அவளுடைய கல்யாணச் சேலை. அரக்குச் சிவப்பு, தங்கச் சரிகைக் கரை.

"இதென்ன அக்கா?"

"நிறம் பாக்க."

சேலையின் கரையை மட்டும் ஃபோட்டோ எடுத்து ஒரு சின்ன மெமரிக் கார்டில் கொண்டுவந்திருந்தாள். கடையில் வைத்துக் காட்ட வேறு படம் அவளிடம் கிடையாது. இருந்த படங்களெல்லாம் யாரோ ஒரு பெண்ணின் முகம். வினோஜன் அதை ஒவ்வொரு திரையிலும் போட, அவள் சேலையை அருகே பிடித்துப் பார்த்தாள். முதல் திரையில் சிவப்பு தக்காளிப் பழமாக வந்தது. அடுத்ததில் சரிகை பித்தளையாக இருந்தது. மூன்றாவது சரியாகத்தான் தெரிந்தது, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் மங்கிற்று. நாலாவது திரை அளவில் சின்னது. அதில் சேலை சேலையாகவே இருந்தது.

"இதுதான்."

"பெரிய ஸ்கிரீனுக்கும் இதுக்கும் ஒரே விலை அக்கா."

"மாமிமார் என்னட்ட அளவு கேக்க மாட்டாங்க தம்பி. என்ட மகள்ட சேல இந்த நிறமா எண்டுதான் கேப்பாங்க."

கடைசியாகப் பெட்டி. கண்ணாடிப் பக்கமும், உள்ளே பச்சையும் ஊதாவுமாகச் சுழலும் லைட்டும் உள்ள ஒன்றை வினோஜன் ஆசையோடு போட்டுக் காட்டினான்.

"எங்களுக்கு நாள் முழுக்கக் கல்யாண ஊட்டு லைட்டோடதான் வேல," என்றாள் ஸகியா. "பெட்டிக்கும் என்னத்துக்கு லைட்?"

கறுப்பு இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்தார்கள். பூட்டித் தருவதற்குத் தனியாக ஒன்றும் எடுப்பதில்லை என்று வினோஜன் சொன்னான். வேண்டாம் என்றாள் றஸீனா. பிறகு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். "நீங்க வேற ஆருக்கும் இண்டைக்குப் பூட்டுறீங்களா? பக்கத்துல நிண்டு பாக்கலாமா?"

வந்தாறுமூலையில் யாருக்கோ ஒன்று பூட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் மேசையைத் துடைத்து இடம் விட்டான். அவள் நின்று பார்த்தாள். அவனும் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் செய்துகாட்டினான். ஸகியா கீழே போய் மீன் ரோல்ஸ் வாங்கிவந்து மூன்று பேருக்கும் பங்குவைத்தாள்.

வீட்டில் பாயை விரித்து, பாகங்களைப் பரப்பி, நண்பகல் லுஹர் தொழுத கையோடு றஸீனா தொடங்கினாள். புரொசசரை இடத்தில் வைத்துக் கம்பியை அமத்தும்போது நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஸகியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"முறிஞ்சிற்றா?"

"இல்ல. வினோஜன் பூட்டக்குள்ளயும் இப்பிடித்தான் கத்திச்சி."

எல்லாம் பூட்டி ஸ்விட்சைப் போட்டபோது காற்றாடி சுற்றிற்று, திரை கறுப்பாகவே கிடந்தது. அவள் அணைத்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டிய ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தாள். புரொசசருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இணைப்பு வெறுமையாக இருந்தது. அதற்குரிய வயர் பெட்டிக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. குத்தினாள், மறுபடி போட்டாள். திரை வெளிச்சமானது. ஸகியா வாயில் கைவைத்துக் குரவை விட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ "என்ன விசேசம்?" என்று கேட்டார்கள்.

அதன் பிறகுதான் றஸீனா நகைப்பெட்டியைத் திறந்து பழைய டிஸ்க்கை எடுத்தாள். இரண்டாவது இடத்தில் செருகினாள். கணினி அதைக் கண்டுகொண்டது. திறக்கவில்லை. பூட்டப்பட்டிருக்கிறது, திறப்பு இலக்கத்தைத் தாருங்கள் என்றது. நீளமான வெற்றுக் கட்டம்.

பூட்டியது அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், லெப்டொப் களவு போனாலும் ஒருவரும் படத்தைத் திறக்க முடியாத மாதிரி ஒரு பூட்டு இருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்து, அன்றே போட்டாள். பழைய லெப்டொப்பில் அவளுடைய பாஸ்வேர்டோடு அது தானாகவே திறந்துகொண்டது. அதனால் பூட்டின ஞாபகமே போய்விட்டது. இப்போது வேறு உடம்பில் வைத்ததும் அதற்கு அவளைத் தெரியவில்லை.

திறப்பு எங்கே இருக்கும் என்று போனில் தேடிப் படித்தாள். லெப்டொப் எந்தக் கணக்கின் பெயரில் தொடங்கப்பட்டதோ அந்தக் கணக்கில் இருக்கும். தொடங்கியது றிஸ்வி. தோஹாவில், கடையில் வைத்தே தன் பெயரில் தொடங்கிக் கொண்டுவந்தான்.

அவள் போன் எடுத்தபோது றிஸ்வி லொறியை ஓரமாக நிற்பாட்டிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஸலாம் சொன்னான். விசயத்தைக் கேட்டான். சிரித்தான்.

"அறைக்குள்ள வரப்படா எண்டு சொன்ன மனிசி, இப்ப தொறப்பு என்னட்டயா?"

"பகிடிய விட்டுட்டு இலக்கத்தப் பாருங்க."

"பொறு. பாஸ்வேர்ட ஞாபகப்படுத்திக்கிறன்." தட்டுகிற சத்தம் கேட்டது. கண்டுபிடித்துவிட்டான். ஆறு ஆறு இலக்கமாக வாசித்தான், அவள் ஆறு ஆறாகத் தட்டினாள். ஸகியா பக்கத்தில் நின்று விரலால் ஒத்துப் பார்த்தாள். கடைசி இலக்கத்தோடு கட்டம் மறைந்தது. அம்னா கல்யாணம் என்ற கோப்புறை திரையில் நின்றது.

"வந்திட்டு," என்றாள் றஸீனா.

"அல்ஹம்துலில்லாஹ். அது சரி, றஸீ, இந்தக் கணக்கால எனக்கு ஒரே தொல்ல. இடம் நிறைஞ்சி பெய்த்து, காசு கட்டினா இன்னும் இடம் தாறம் எண்டு எந்த நாளும் மெயில் வருது. நான் என்னத்த வைச்சன் அதுக்குள்ள?"

அவள் மவுசை விட்டாள்.

"தொறக்க வேணாம்," என்றாள்.

"எத?"

"ஒண்டையும் தொறக்க வேணாம். முந்தித் தொறந்தீங்களா?"

"எனக்கென்ன விசரா? மெயில் வந்தா அழிக்கிறன். என்ன..." அவன் நிறுத்தினான். பகிடி இல்லாத குரலில் சொன்னான். "றஸீ. நான் தொறக்கவே இல்ல."

"பாஸ்வேர்டச் சொல்லுங்க. சொல்லிட்டு போன வைங்க."

அவளுடைய போனில் அந்தக் கணக்கைத் திறந்தாள். லெப்டொப்பில் படங்கள் என்ற கோப்புறைக்குள் அவள் வைத்ததெல்லாம் இணையத்தில் அந்தக் கணக்குக்குள் தானாகவே ஏறியிருந்தது, இடம் கொள்ளுமட்டும். ஒரு வேலை முடிந்து அவள் அழிக்க அங்கேயும் அழிந்திருக்கிறது. அழிந்த இடத்துக்கு அடுத்த கல்யாணம் ஏறியிருக்கிறது. இப்போது அங்கே இருந்தது அம்னாவின் மருதோன்றி இரவு. அவிழ்ந்த கூந்தலோடு பாயில் உட்கார்ந்து, மருதோன்றி காயாத இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிடித்து, பல் தெரியச் சிரிக்கிறாள்.

றஸீனா எல்லாவற்றையும் அழித்தாள். குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினாள். அந்தக் கணக்கையே மூடினாள். பிறகு புதுக் கணினியில் வைஃபையை அணைத்து, பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த அன்டெனா இரண்டையும் திருகிக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டாள்.

"சரி. முடிஞ்சி," என்றாள் ஸகியா. "மச்சான் பாக்கல்ல. வேற ஒருத்தரும் பாக்கல்ல. படமும் கிடைச்சிட்டு. இனி என்ன?"

"நபீஸா மாமிக்குச் சொல்லணும்."

"உனக்கு மண்ட கழண்டு பெய்த்தா? சொன்னா இந்த ஊருல ஒரு கல்யாணம் நமக்கு வராது. உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"தெரியும்."

"அப்ப?"

"படம் கிடைக்காட்டியும் பரவால்ல எண்டு சொன்னவ அவ. நான் படத்த மட்டும் கொண்டு போய்க் குடுத்தா எப்பிடி?"

ஸகியா அபாயாவைப் போட்டுக்கொண்டு, ஸலாம் சொல்லாமல் போனாள்.

நபீஸா மாமி கிணற்றடியில் இருந்து றால் உடைத்துக்கொண்டிருந்தாள். றஸீனா எதிரே குந்தியிருந்து சொன்னாள். லெப்டொப் யார் பெயரில் இருந்தது, படம் எப்படி ஏறியது, எதுவரை ஏறியது, எப்போது அழித்தாள் என்று எல்லாவற்றையும். நபீஸா மாமிக்குக் கணினி தெரியாது. ஆனால் எந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"அப்ப இந்தப் படம் உன்ட புருஷன்ட கையில இருந்திரிக்கி."

"கையில எண்டு இல்ல மாமி. ஓம். அவர்ட பேர்ல."

"அவன் பாக்கல்ல எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவர் சொன்னார்."

"ம். அவன் உனக்குச் சொல்றான். நீ எனக்குச் சொல்ற. நான் என்ட மருமகனுக்குச் சொல்லணுமா?"

ஒரு பூனை வந்து றால் தோலை முகர்ந்தது. நபீஸா மாமி அதைத் துரத்தவில்லை.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இரிக்காதே புள்ள."

"இல்ல மாமி."

"மறுகா என்னத்துக்குச் சொன்ன? இனி நான் எப்பிடி நித்திர கொள்ற?"

"படம் எல்லாத்தையும் இப்பவே உங்கட கையில தாறன். என்னட்ட ஒண்டும் வைச்சுக்கொள்ள மாட்டன். வெட்டுறத்துக்கு வேற ஆள் பாருங்க. இல்லாட்டி..."

"வேற ஆள் ஆர் இரிக்கி? போ. நான் சொல்லியனுப்புறன்."

சொல்லி அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமையும் போயிற்று. றஸீனா புதுக் கணினியின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். அம்னாவின் படங்களை அவள் தொடவில்லை. சந்தைக்குப் போனபோது இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அது தன்னைப் பற்றித்தானா என்று தெரியாமல் கத்தரிக்காய் பொறுக்கினாள். கல்யாண வீடியோ வேலை ஒன்றைப் பேச வர இருந்த ஒரு தாய் வரவில்லை. ஸகியா போனை எடுக்கவில்லை. றிஸ்வி ஒவ்வொரு நாளும் எடுத்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டான்.

அதற்கடுத்த கிழமை ஒரு காலை, வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நபீஸா மாமி நின்றாள்.

"எங்க அந்தப் பெட்டி?"

றஸீனா அறைக்குக் கூட்டிப்போய்த் துணியை எடுத்தாள். நபீஸா மாமி பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். பின்பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாகக் காட்டி இது எங்கே போகிறது என்று கேட்டாள். இது கறண்டுக்கு, இது திரைக்கு, இது பிரிண்டருக்கு என்று றஸீனா சொன்னாள். நபீஸா மாமி ஒன்றைப் பிடித்து அது முடிகிற இடம்வரை கையாலேயே போய்ப் பார்த்தாள்.

"வெளிய போற வயர் இல்லயா?"

"இல்ல மாமி."

"நீதான் பூட்டினயாமே. ஸகியா சொன்னா."

"ஸகியா வந்தவளா?"

"வந்தா. வந்து உனக்கு ஏசினா. மறுகா அழுதா." நபீஸா மாமி அபாயாவைக் கழற்றிக் கதவில் மாட்டினாள். "கதிர ஒண்டு கொண்டு வா. நீ வெட்டு. நான் இதுல இருப்பன். முடிஞ்சதும் எல்லாத்தையும் என்ட கண்ணுக்கு முன்னால அழி."

"ரெண்டு மூணு கிழம போகும் மாமி."

"எனக்கென்ன வேல? மகளக் குடுத்தாச்சி."

றஸீனா முன் மண்டபத்திலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிவந்து தன்னுடையதுக்குப் பக்கத்தில் போட்டாள். அன்றிலிருந்து நபீஸா மாமி காலையில் வந்தாள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போனாள். கணினி நினைத்ததைவிட வேகமாக ஓடியது. வேலை நினைத்ததைவிட மெதுவாகப் போனது. அம்னாவின் மூக்குத்தி மினுங்க வேண்டும் என்றாள் நபீஸா மாமி. மாப்பிள்ளையின் பெரியம்மாவை அவ்வளவு நேரம் காட்டத் தேவையில்லை என்றாள். சாப்பாட்டைக் காட்டு என்றாள், காட்டியதும் இறைச்சி கருகிப்போய்த் தெரிகிறது, வெட்டு என்றாள். வெட்டியதைத் திரும்ப வை என்றாள். இரண்டாம் நாள் பின்னேரமே றஸீனாவுக்குத் தலை இடித்தது. மூன்றாம் நாள் தேத்தண்ணியை நபீஸா மாமியே ஊற்றினாள்.

மருதோன்றி இரவுக்கு வந்தபோது மாமி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அம்னா கையை விரித்துச் சிரித்தாள். பெண்கள் சுற்றி நின்று குரவை விட்டார்கள். கமரா மெல்லத் திரும்பிற்று.

"அதுல கொஞ்சம் நில்லு."

றஸீனா நிறுத்தினாள். கூட்டத்தின் ஓரத்தில் ஒருத்தி, முக்காடு நழுவி, நரைத்த மயிர் நெற்றியில் ஒட்ட, கண்ணை இறுக்க மூடி, நாக்கைச் சுழற்றிக் குரவை விட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆர் அது?"

"நீங்கதான் மாமி."

நபீஸா மாமி கதிரையை முன்னுக்கு இழுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இவ்வளவு நரையா எனக்கு?"

"வெட்டவா?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் யோசித்தாள்.

"வேணாம். கிடக்கட்டும்," என்றாள். "பக்கத்துல நிக்கிறவள வெட்டு. சத்தமும் வருதில்ல, வாயத் தொறந்திட்டு நிக்கிறா."